மண்ணெண்ணெய்க் குளிரில் அனிமோன் விதைகள்

1

இந்த நாட்டில் வந்து இறங்கி இன்றோடு மூன்று வருடம். காலையில் அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மருந்தகத்துக் குளிர்பெட்டியின் அடியில் குனிந்து, அதை இயக்கும் மண்ணெண்ணெய் விளக்கின் திரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். "அப்படியா? போன மாசமே ஆயிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "சிமினியைத் துடைச்சியா?" என்று கேட்டார். துடைத்திருந்தேன்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இதைப் படிக்கும் உங்களுக்கும் அவை தோன்றலாம். ஆகவே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அ. நாங்கள் பட்டணத்தில் இல்லை. கோலசிலாங்கூர் பக்கம், அசாம் ஜாவாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் ஒரு ரப்பர் தோட்டம். பெயரை எழுதவில்லை. தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

ஆ. வீட்டுக்காரர் டாக்டர் இல்லை. தோட்டத்து மருந்தகத்தில் டிரசர். கட்டுப் போடுவது, ஊசி போடுவது, பிள்ளைப்பேறு பார்ப்பது எல்லாம் அவர்தான். டாக்டர் எப்போதாவது டவுனிலிருந்து வருவார். வரும் வழியில் சுடப்படவில்லை என்பதால் சந்தோஷமாகவே வருவார்.

இ. அவசரகாலம் என்றால் என்ன என்று அண்ணன் கேட்டிருந்தான். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கும் சர்க்காருக்கும் நடப்பது. யுத்தம் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்காங்கே இருந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, பெயர்த்து ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி போட்டிருக்கிறார்கள். மருந்தகமும் எங்கள் வீடும் அந்தக் கம்பிக்கு உள்ளேதான். இருட்டினால் வெளியே போகக் கூடாது. விடிந்த பின்னும் ஒரு கவளம் சோற்றைக்கூட வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அது காட்டுக்குப் போய்விடுமாம். பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் பசியோடு போய்ப் பசியோடு திரும்புகிறார்கள்.

ஈ. நான் படித்த படிப்பு இங்கே பயன்படுகிறதா? அப்பா எல்லாக் கடிதத்திலும் கேட்பது. இதற்கு மட்டும் பதில் நீளமாகப் போகும்.

2

நான் படித்தது தாவரவியல். பிறகு கோயம்புத்தூரில் ஒரு விதைச் சோதனைக்கூடத்தில் பயிற்சி பெற்றேன். ஒரு நீள மேசையில் மூன்று பெண்கள் உட்கார்ந்து, ஈரத்தாளில் விதைகளைப் பரப்பி, முளைத்தவற்றை இடுக்கியால் எடுத்துத் தனியே வைப்போம். முளைக்காதவற்றைச் செத்தவை, தூங்குபவை என்று பிரிப்போம். தூங்குபவற்றை எழுப்புவதுதான் வேலையிலேயே கஷ்டமானது. சிலவற்றைச் சுரண்ட வேண்டும். சிலவற்றை வெந்நீரில் போட வேண்டும். குளிர்நாட்டு விதைகளுக்குப் பனிக்காலம் வந்து போனதாகக் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு மின்சாரக் குளிர்பெட்டி இருந்தது. மே மாத வெயிலில் அதன் கதவைத் திறக்க நாங்கள் முறை வைத்துக்கொண்டோம்.

இவ்வளவும் இங்கே யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். போன ஆண்டு துரைசாணியின் காதில் எப்படியோ விழுந்துவிட்டது. தோட்டத்து மானேஜரைத் துரை என்றும் அவர் மனைவியைத் துரைசாணி என்றும் சொல்வது இங்கே வழக்கம். மேட்டின் மேல் அவர்களது பங்களா இருக்கிறது. அதற்குத் தனி முள்கம்பி. அந்த அம்மாள் இடுப்பில் கைத்துப்பாக்கி இல்லாமல் ரோஜாவுக்குத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. இரண்டு மகன்கள் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில். ஒரு பக்கத்துக்குக் கோடு போட்டுக் கடிதம் எழுதுவார்களாம், கோடு முடிந்ததும் கடிதமும் முடிந்துவிடுமாம்.

அவர் எனக்குச் சொல்லி அனுப்பினார். போனபோது மேசை மேல் ஒரு தடித்த காகித உறை. உள்ளே அழுக்கு வெள்ளையில் பஞ்சு. அக்கா வீட்டுச் சுவரோரம் பூக்கும் அனிமோன் செடியின் விதைகள் என்றார். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், லேசான காற்றுக்கே தலையாட்டும் என்று கையை ஆட்டிக் காட்டினார்.

"இங்கே முளைக்குமா?" என்றார் ஆங்கிலத்தில்.

"குளிர் கொடுத்தால் முளைக்கலாம். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல முடியாது."

"உங்கள் கணவரிடம் குளிர்பெட்டி இருக்கிறதல்லவா?"

பிறகு தமிழில், "நீ செய். நல்லா செய்" என்றார். அவர் கற்ற தமிழ் சமையற்காரனிடமிருந்தும் பிரட்டுக் களத்திலிருந்தும் வந்தது. பிரட்டு என்பது விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அங்கே ‘நீங்கள்’ என்ற சொல்லுக்கு வேலை இல்லை. முதலில் எனக்குச் சுருக்கென்றிருந்தது. இப்போது பழகிவிட்டது.

வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "அது தடுப்பூசி வெக்கிற பெட்டி. பூச்செடி வெக்கவா கம்பெனி குடுத்துச்சு?" என்றார். கடைசியில் அடித்தட்டில் ஒரு மூலை கிடைத்தது. தோள்பட்டையைத் தாண்டி என்னைப் பார்த்து, "இங்க வந்ததுலேருந்து இப்பத்தான் மூஞ்சி கொஞ்சம் தெளிவா இருக்கு" என்று முணுமுணுத்தார்.

3

உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று துரைசாணியிடம் சொன்னேன். அஞ்சலையைக் கேட்டேன். அது அவளுடைய உண்மையான பெயர் அல்ல.

அஞ்சலை மரம் சீவுபவள். அவளுடைய நிரை, அவள் சீவ வேண்டிய மர வரிசை, தோட்டத்தின் கடைசியில், காட்டை ஒட்டியது. ஒரு காலையில் காட்டிலிருந்து வந்தவர்கள், வேலையை மேற்பார்க்கும் மண்டோரை ஒரு ரப்பர் மரத்தில் கட்டி, சீவிக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்து, அவர்கள் முன்னால் சுட்டார்கள். அஞ்சலை முதல் ஆளாக நின்றிருந்தாள். அதற்குப் பின் அவள் கையில் கத்தி நிற்கவில்லை. மரத்தில் ஆழமாக வெட்டிவிடுகிறாள் என்று புகார் வந்தது. நிரையை மாற்றிக் கொடுங்கள் என்று அவள் புருஷன் ஆபீசில் கேட்டான். எல்லாரும் அப்படிக் கேட்டால் அந்த நிரைக்கு யார் போவது என்றார்கள். அது நியாயமான கேள்விதான்.

துரைசாணி கேட்டதும் துரை அவளைப் பங்களாக் கணக்கில் எழுதினார். ஒரு நிபந்தனை: விதை வேலை முடிந்த அன்று அவள் பழைய நிரைக்குத் திரும்ப வேண்டும். ஆகவே விதை வேலை நடக்கிற வரைக்கும் அஞ்சலை காட்டோரம் போக வேண்டியதில்லை.

எனக்கு இது முதலிலேயே தெரியும். அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அனிமோன் விதையை அப்படியே விதைக்க முடியாது. பஞ்சு ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகிவிடும். உலர்ந்த மணலில் போட்டு உள்ளங்கையால் தேய்த்துப் பிரிக்க வேண்டும். அஞ்சலை அதை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"எருக்கம்பஞ்சு மாதிரியில்ல இருக்கு. இதுக்கா சீமையில இருந்து தபாலு?"

"பூ அழகா இருக்குமாம்."

"நம்ம ஊரு எருக்கம்பூவுக்கு என்ன கொறச்சல்? அத அவங்க அக்காவுக்கு அனுப்பி வெப்போமா?"

உறையில் இருந்ததில் பாதியைத் தேய்த்தோம். மீதிப் பாதியை உலர்ந்தபடியே ஒரு புட்டியில் மூடி வைத்தேன். சோதனைக்கூடத்துப் பழக்கம். எந்த மாதிரியையும் முழுதாகச் செலவழிக்கக் கூடாது.

தேய்த்ததை ஈரமணலோடு சிறு சட்டிகளில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தோம். இரண்டே நாளில் தோட்டம் முழுக்கச் செய்தி பரவியது. மருந்துக்கு வந்த கிழவர் ஒருவர் வாங்கிய மாத்திரையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம்மா. துரைசாணிக்கு வெச்சிருக்கீங்களே பஞ்சு மருந்து, அதுல கொஞ்சம் குடுங்க."

"அது மருந்து இல்ல தாத்தா, விதை."

"எல்லாம் தெரியும். வெதையின்னுதான் சொல்வீங்க."

4

சட்டிகளை மேட்டுப் பங்களாவுக்குக் கொண்டுபோக வேண்டிவரும் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டேன். இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், எதையும் முன்கூட்டியே கேட்பது.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, தடைசெய்த பொருள்களின் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அரிசி, மாவு, சீனி, உப்பு மீன், டின்னில் அடைத்தவை, மருந்து.

"பூ விதை இதுல இல்லீங்களே."

"இல்லேன்னா நல்லதுதானே?"

"எப்படிம்மா நல்லது? தடை இருந்தாத்தானே விலக்கு எழுத முடியும்? தடையே இல்லாத சாமானுக்கு நான் எப்படி அனுமதி குடுக்கறது?"

"அப்ப வாசல்ல புடிச்சா?"

"புடிப்பாங்க. கண்டிப்பாப் புடிப்பாங்க" என்றார் வருத்தத்தோடு.

கடைசியில் தானே யோசித்து ஒரு வழி சொன்னார். ‘இந்தச் சட்டியில் இருப்பது அரிசி அல்ல’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுத்தார். வாசலில் நிற்கும் மலாய்க் கான்ஸ்டபிள் பக்கத்துக் கம்பத்துப் பையன், அதாவது பக்கத்து மலாய்க் கிராமத்தவன். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்து தமிழ் பேசுகிறவன். முத்திரையைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான்.

"அக்கா, இதுல பெராஸ் இல்லேன்னு எழுதியிருக்கு." அரிசியைத்தான் அப்படிச் சொன்னான். "பெராஸ் இல்லேன்னு ஏன் எழுதணும்? பெராஸ் இருந்தாத்தானே இல்லேன்னு எழுதுவாங்க?"

சட்டி முழுவதையும் சாக்கில் கொட்டி விரலால் கிளறினான். அது வெறும் மண் போட்ட வெள்ளோட்டச் சட்டி. அந்த அளவுக்கு என் பயிற்சி உதவியது.

5

இடையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் எடுத்து நடுங்கி, சுயநினைவு போய்ப் போய் வந்தது. எழுந்து மருந்தகத்துக்குப் போனபோது குளிர்பெட்டியின் அடித்தட்டு காலி.

அஞ்சலையின் லயத்து வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், சட்டிகள் எல்லாம் ஒரு பழைய சேலையில் பொதிந்து இருந்தன. வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை.

"என்ன அஞ்சலை இது?"

"ஐஸு மாதிரி கெடந்துச்சும்மா. தொட்டா கை மரத்துப் போவுது. நீங்களும் படுத்துக் கெடந்தீங்க, யாரைக் கேக்கறது? மொளை வர்ற நேரத்துல ஊதல் பட்டா ஆவுமா? அதான் எடுத்துட்டு வந்து பொக காட்டுனேன்."

"யார் சொன்னா?"

"இதுக்கெல்லாம் ஒருத்தர் சொல்லணுமா? எம்புள்ளைக்குத் தெனம் குளிப்பாட்டிட்டு இப்பிடித்தான் காட்டுனேன். நல்லாத்தானே இருக்கு?"

என் பின்னால் வந்து நின்ற வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "நல்லவேளை, சட்டிக்கு வசம்பு கட்டாம விட்டியே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டிகள் வெதுவெதுவென்று இருந்தன. இதுவரை கொடுத்த குளிர் வீண். விதை மறுபடியும் தூங்கப் போயிருக்கும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைச் சொன்னதும் அஞ்சலையின் முகம் மாறியது. அவளுக்கு விதையைப் பற்றிக் கவலை இல்லை.

"தொரசானிகிட்டச் சொல்லிறாதீங்கம்மா. அனுப்பிச்சிருவாங்க."

துரைசாணியிடம் போய், "குளிர் இடையில் தடைப்பட்டுவிட்டது. திரும்பத் தொடங்கியிருக்கிறோம்" என்றேன். ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் யாரால் தடைப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. "சரி" என்றார், அவ்வளவுதான். மேட்டிலிருந்து இறங்கி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பத் தொடங்கிய ஒவ்வொரு நாளும் அஞ்சலை கம்பிக்கு உள்ளே இருக்கிறாள்.

6

என் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. சோறு ஊட்டினால், "மாக்கான் வேணாம்லா" என்கிறாள். மாக்கான் என்றால் சாப்பாடு. அவளுக்கு அது தமிழ். சாப்பாடு என்று நான் சொல்வதுதான் அவளுக்கு அம்மா பாஷை, வீட்டுக்குள் மட்டும் பேசுவது. ஊரில் என் அம்மாவுக்கு இதை எழுதவில்லை. அவள் நன்றாகப் பேசுகிறாள் என்று மட்டும் எழுதினேன். அது பொய்யல்ல.

விதை முளைத்த நாளில் முதலில் பார்த்தது அவள்தான். குளிரை விட்டு வெளியே எடுத்து, பங்களாவின் வடக்குத் தாழ்வாரத்தில் ஈரச்சாக்கு கட்டிய நிழலில் வைத்திருந்தோம். "பச்ச, பச்ச" என்றாள். குனிந்தேன். இரண்டு இலை விட்டு, ஊசிமுனை அளவில் வரிசையாக நின்றன. துரைசாணி முழங்கால் போட்டுப் பார்த்தார். துப்பாக்கி தரையில் இடித்தது. அவர் கவனிக்கவில்லை.

அன்று கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

அதன் பிறகு நடந்தவை:

முதலில் இரவு குளிரவில்லை. இங்கே இரவு குளிர்வதே இல்லை. மழை பெய்தாலும் வெந்நீரில் நனைந்த துணிபோல் காற்று.

பிறகு தண்டுகள் மண்ணோடு ஒட்டும் இடத்தில் கறுத்தன. நாற்றழுகல். சாம்பல் தூவினோம், தண்ணீரைக் குறைத்தோம், காலையில் தாழ்வாரத்தின் இந்தப் பக்கமும் மாலையில் அந்தப் பக்கமுமாகச் சட்டிகளை நகர்த்தினோம். அஞ்சலை பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சமையற்காரன், "ஏன் அஞ்சல, எனக்கும் ஒரு வீசு வீசேன், நானும் சீமையில பொறந்தவன்தான்" என்பான். "நீ அழுவுற பூ இல்ல, அழுவிப்போன பூ" என்பாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடைசிச் சட்டி போன வாரம் போயிற்று. சோதனைக்கூடத்தில் இப்படி ஆனால் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த மாதிரியை எடுப்போம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இங்கே அஞ்சலை சட்டிகளைக் கழுவாமல், காய்ந்த மண்ணுக்கே தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வழியில் பார்க்கும் யாருக்கும் வேலை நடப்பதுபோல் தெரியும்.

நேற்று ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். திங்கட்கிழமை பிரட்டுக்கு அஞ்சலை வர வேண்டும். அதே நிரை.

7

இன்று பகலில் துரைசாணியே மருந்தகத்துக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் படிக்கட்டில் நின்றார்கள். காத்திருந்த நோயாளிகள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். அஞ்சலை சட்டிகளைக் கழுவ எடுத்து வந்திருந்தாள், ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். எங்கள் ஆங்கிலம் அவளுக்குப் புரியாது. முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாம் போய்விட்டதா?" என்று கேட்டார் துரைசாணி.

"முளைத்தவை எல்லாம் போய்விட்டன."

"விதை மிச்சம் இருக்கிறதா?"

"பாதி வைத்திருக்கிறேன்."

"அவை பூக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்."

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு எதற்கும் எனக்குப் பயிற்சி இல்லை. அஞ்சலையைப் பார்க்காமல் சொன்னேன். "இந்தத் தோட்டத்தில் பூக்காது. முளைக்கும். சாகும்."

அவர் தலையை ஆட்டினார். தெரிந்த விஷயத்தைக் கேட்பதுபோல் இருந்தது. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் போய் அதன் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் அவர் பின்கழுத்தைப் பார்த்தேன். வேர்க்குருவும் வெயில் சிவப்பும். வீட்டுக்காரர் ஊசிகளைக் கொதிக்க வைத்திருந்தார்.

"எத்தனை வாரம் குளிரில் இருக்க வேண்டும் என்று சொன்னீர்கள்?"

"ஆறு."

"எட்டு வாரம் இருந்தால் கெட்டுவிடுமா?"

"கெடாது."

"பத்து?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அஞ்சலையின் கையிலிருந்த சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து வாரத்துக்கும் கெடாது" என்றேன்.

"அப்படியானால் பத்து. சோதனை முடியவில்லை என்று என் கணவரிடம் சொல்கிறேன்." பிறகு அஞ்சலையிடம் தன் தமிழில், "நீ இங்க வேலை. பிரட்டு போகாதே" என்றார். படியிறங்கிக் கான்ஸ்டபிள்களோடு மேட்டுப் பாதையில் போனார்.

அஞ்சலை சட்டியைத் தரையில் வைத்தாள்.

"பூ வருமாம்மா?"

"வராது."

"தொரசானிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வீட்டுக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊசிகளை எண்ணி எடுத்தார். காதுகள் இங்கே இருந்தன.

"பத்து வாரத்துல காடு அடங்கிருமா டிரசரம்மா?"

"எனக்குத் தெரியல அஞ்சலை."

"அந்தப் பத்து எப்பலேருந்து கணக்கு?"

"விதையை நனைச்சு உள்ள வெக்கிற நாள்லேருந்து. நாளைக்கு நனைக்கலாம்."

"நாளைக்கு அட்டமி" என்றாள். விரலை மடக்கி, "மறுநா நவமி" என்றாள். "புதுசா ஒண்ண ஆரம்பிக்கிற நாளா அது? வர்ற வாரம் பாத்துக்கலாம்."

நான் நாள் பார்க்கிறவள் இல்லை. எங்கள் வீட்டிலும் பார்ப்பதில்லை. சுவரில் தமிழ்க் காலண்டர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அதைத் திரும்பிப் பார்க்காமல், வர்ற வாரமே நனைக்கலாம் என்றேன்.